பதினொரு கையெழுத்து கேட்டேன், பத்து தந்தார்

அந்த மின்னஞ்சல் வந்த சனிக்கிழமை நான் ஜெபிக்கவில்லை. ஆண்டவரோடு சண்டை பிடித்தேன்.

இதை வாசிக்கும் விசுவாசிகளில் சிலருக்கு இந்தத் தொடக்கம் பிடிக்காமல் போகலாம். சபை மலருக்குச் சாட்சி எழுதித் தரும்படி போதகர் கேட்டபோதே அவரிடம் சொல்லிவிட்டேன், நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன், பூசி மெழுக மாட்டேன் என்று. அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஆகவே யாருக்காவது கோபம் வந்தால் அவரிடம் போங்கள்.

நான் லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொழுந்து பறித்த அம்மாவின் சம்பளத்தில் படித்தேன். இப்போது அதே தோட்டத்துப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஏறத்தாழ நான்கு வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் மலை சரிந்தது. கீழ் லயத்து வரிசை வீட்டில் ஐந்து காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள், மண்ணுக்குள் போயின. போனவர்களின் பெயர்களை எழுத என் கை வரவில்லை. இருந்தவர்களின் கதைதான் இது.

அடக்கம் முடிந்தது. நிவாரணம் வந்தது, பெரியவர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அடுத்த மாதமே பெண்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வீட்டில் சமைத்தார்கள், சபைக்கு வந்தார்கள், பாட்டு நேரத்தில் வாயை மட்டும் அசைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் அவர்கள்.

அந்த நேரம் நான் வார இறுதிகளில் பண்டாரவளைக்குப் போய் உளவளத்துணை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் ஓவியச் சிகிச்சை என்ற ஒன்றைக் கேள்விப்பட்டேன். வாயால் சொல்ல முடியாததைக் கையால் வரைய விடுவது, அதை வரைந்தவரின் பக்கத்தில் அமைதியாக இருப்பது, அவ்வளவுதான். போதகரிடம் கேட்டு, சபை மண்டபத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணிக்குத் திறந்தேன். பதினொரு பெண்கள் வந்தார்கள்.

முதல் ஆறு வாரமும் தோல்வி. வலது கையில் பெஸ்டல் வர்ணக் கட்டியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர்களைப் போல விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு பேரும் ஒரே பூவை வரைந்தார்கள், ஒரே சூரியனை வரைந்தார்கள். பெஸ்டல்தான் உடைந்துகொண்டே இருந்தது.

ஏழாவது வாரம் தேத்தண்ணீர் ஊற்ற நான் பின்பக்கம் போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஒரு அக்கா இடது கையிலும் ஒரு பெஸ்டலை எடுத்திருந்தார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் கடதாசியில் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடமாக இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளியவர்கள் இவர்கள். ஒரு கை வேலை செய்ய மறு கை சும்மா இருந்து இவர்களுக்குப் பழக்கமே இல்லை. நான்தான் பாடசாலைப் பிள்ளைகளைப் போல ஒற்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். மற்றவர்களும் பார்த்தார்கள், ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள். அன்றைக்கு மண்டபத்தில் மலையில் கேட்கும் அதே சரசரப்புக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் கேட்டது. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் இரண்டாவது பெஸ்டலை எடுத்தவர், மண்சரிவில் தன் ஒரே மகளைப் பறிகொடுத்தவர். எட்டு மாதமாக யாரோடும் பேசாதவர். அன்று தலையை நிமிர்த்தாமல், "இன்னொரு கடதாசி குடு தங்கச்சி" என்றார். அவர் பெயரை இப்போது எழுத மாட்டேன். அவர் வரைந்த படத்தில் என்ன இருந்தது என்பதையும் எழுத மாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

ஒரு வருடம் அப்படியே போனது. பெண்கள் பேசத் தொடங்கினார்கள், பாடத் தொடங்கினார்கள், சண்டை பிடிக்கவும் தொடங்கினார்கள். எனக்கு அதுவே போதும். ஆனால் சபையின் மூப்பர் ஒருவருக்குப் போதவில்லை. ஜெபிக்க வேண்டிய மண்டபத்தில் வர்ணம் பூசி விளையாடுகிறார்கள் என்றும், ஆறிய புண்ணைக் கிளறுகிறார்கள் என்றும் கமிட்டியில் பேசினார். கமிட்டி ஒரு முடிவு எடுத்தது: இந்த வேலைக்கு மதிப்பு உண்டு என்று வெளியில் இருந்து தகுதியானவர்கள் யாராவது சொன்னால் தொடரலாம், இல்லாவிட்டால் வருகிற உயிர்த்த ஞாயிறு விட்டு அடுத்த உயிர்த்த ஞாயிறோடு மண்டபத்தைப் பூட்டிவிடலாம்.

தகுதியானவர் வேண்டும் என்றால் தகுதியான இடத்துக்கே போகிறேன் என்று நான் முடிவெடுத்தேன். வெளிநாட்டில் ஓவியச் சிகிச்சைக்கென்றே ஓர் ஆய்விதழ் வருகிறது. அதற்குக் கட்டுரை அனுப்பினால், எழுதியவர் யார், எந்த ஊர் என்பதை மறைத்துவிட்டு, அந்தத் துறையில் தேர்ந்த இருவரிடம் வாசிக்கக் கொடுப்பார்கள். அவர்கள் சரி என்றால்தான் அச்சாகும். ஊரும் பேரும் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்க்கிற ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு எவ்வளவு ஆசை வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு விரிவுரையாளரிடம் யோசனை கேட்டேன். அவர் சிரித்தார். பட்டம் பெற்றவர்களே பல தடவை அனுப்பித் திரும்பி வருகிற இடம், தோட்டத்துச் சித்திர டீச்சருக்கு எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டார். நன்றி சேர் என்று சொல்லிவிட்டு வந்து, அடுத்த நாள் காலை முதல் பந்தியை எழுதினேன். எட்டு மாதம், தினமும் பாடசாலை பஸ் வரும் முன், அடுப்படி மேசையில் ஜெபித்துவிட்டு எழுதினேன். தமிழில் எழுதி, அகராதியை வைத்துக்கொண்டு நானே ஆங்கிலத்தில் மாற்றினேன். என் கணவர் வெலிமடையில் இருந்து மரக்கறி ஏற்றும் லொறிக்காரர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் நான் சத்தமாக வாசிக்கும்போது நான் திணறுகிற இடத்தைச் சரியாகப் பிடித்துச் சொல்வார். அந்த இடங்களில் எல்லாம் வசனம் பிழையாகத்தான் இருந்தது.

பதுளையில் ரியாஸ் நானாவின் கம்பியூட்டர் கடையில் இருந்து கட்டுரையை அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. வாசித்த இருவருக்கும் பிடித்திருக்கிறது, சில திருத்தங்கள் செய்தால் போதும். முக்கியமாக அந்த அக்காவின் படம் இருக்கும் பகுதிதான் கட்டுரையின் உயிர் என்று எழுதியிருந்தார்கள். திருத்தி அனுப்பினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அறுப்பின் பண்டிகை ஆராதனையில் எழுந்து நின்று, ஆண்டவர் என் கட்டுரையை அச்சேற்றிவிட்டார் என்று விசுவாசத்தில் முன்கூட்டியே நன்றி சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். மூப்பரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாவது வாரம்தான் அந்த மின்னஞ்சல்.

எங்கள் தோட்டத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் போனுக்குக் கவரேஜ் கிடைக்கும். அங்கே நின்று வாசித்தேன். ஆய்விதழின் ஆசிரியர் மிக மரியாதையாக எழுதியிருந்தார். உங்கள் குழுவில் இருப்பது பதினொரு பெண்கள். அவர்களின் படங்களை வெளியிடச் சம்மதம் தந்த தாளில் இருப்பது ஒரே ஒரு கையெழுத்து, அதுவும் ஓர் ஆணின் கையெழுத்து. அவர் இவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரா? இல்லை என்றால் இந்தக் கட்டுரையை வெளியிட முடியாது.

தோட்டத்தைத் தெரியாதவர்களுக்கு நான் விளக்க வேண்டும். எங்களிடம் கையெழுத்து என்பது தொழிற்சங்கத் தலைவரின் வேலை. தண்ணீர்க் குழாய் கேட்டாலும், கூரைத் தகரம் கேட்டாலும், திருவிழாவுக்கு லீவு கேட்டாலும் தலைவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார், முழு லயத்துக்கும் அது செல்லும். எங்கள் அம்மாமார் காலத்தில் இருந்தே அப்படித்தான். தாளில் கை வைத்தால் காம்பரா பறிபோகும் என்ற பயம் வேறு. ஆகவே சம்மதப் படிவம் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. நேராகத் தலைவர் மாணிக்கம் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துப் போட்டு, நீல முத்திரையும் குத்தித் தந்தார். முத்திரை இருக்கிறதே என்று பெருமையாக வேறு அனுப்பி வைத்தேன்.

பாதுகாவலரா என்ற அந்த ஒரு கேள்வி என் முகத்தில் அறைந்தது. அந்தப் பெண்களை மனிதர்களாக யாரும் மதிப்பதில்லை என்று கட்டுரை முழுக்க எழுதியவள் நான். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் படத்தை அனுப்பியவளும் நான்தான்.

ஆனால் அந்த மணி நேரத்தில் அதை ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று ஆண்டவரைத் திட்டினேன். ஒவ்வொரு காலையும் உம்மிடம் கேட்டுத்தானே எழுதினேன், அந்தப் படிவத்தைக் கொண்டுபோன அன்றைக்கு நீர் எங்கே போனீர் என்று கேட்டேன். சபை முன்னால் என்னை எழுந்து நிற்க வைத்து, இப்போது கீழே தள்ளுகிறீரா என்று கேட்டேன். அழுதேன்.

உதவி தேடி வந்தது, ஆனால் பிசாசிடம் இருந்து. செய்தி கேட்டு வந்த மாணிக்கம் அண்ணன், "இதுக்கா அழுவுறீங்க டீச்சர்? பழைய திகதிய போட்டு நானே பதினொரு விதமா கையெழுத்து வச்சுத் தாரேன். எவனுக்குத் தெரியும்?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. எத்தனையோ பேருக்கு அப்படித்தான் வேலை முடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த விரிவுரையாளரும் போனில் கிட்டத்தட்ட அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். சொன்னால் நம்புங்கள், எனக்கு ஆசை வந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு நாலரை மாதம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, பதினொரு கையெழுத்தும் கிடைக்கச் செய்யும்" என்று கேட்டேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வாய் நின்றுவிட்டது. வானத்தில் இருந்து சத்தம் எதுவும் வரவில்லை. எனக்குள் ஒரு கேள்வி மட்டும் வந்தது: அவர்களில் ஒருத்தி முடியாது என்று சொன்னால் என்ன செய்வாய்? அவர்கள் முடியாது என்று சொல்லக்கூடும் என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. சபையில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவர்களோடு சாப்பிட்டிருக்கிறேன், அப்படியும் நினைக்கவில்லை. அன்றுதான் என் ஜெபம் மாறியது. "ஆம் என்றாலும் இல்லை என்றாலும் தாங்கிக்கொள்ளும் பலத்தைத் தாரும்" என்று கேட்டேன். பிடிக்காமல்தான் கேட்டேன்.

ஆய்விதழ் ஆசிரியருக்கு முழு உண்மையையும் எழுதினேன். எங்கள் ஊர் வழக்கம் இது, என் பிழை இது, ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கிறேன், இல்லை என்றவரின் படத்தை எடுத்துவிடுகிறேன், அதற்குப் பிறகு கட்டுரையை வெளியிடுவதும் தூக்கிப் போடுவதும் உங்கள் விருப்பம். கெஞ்சவில்லை. அவர் தன் குழுவோடு பேசிவிட்டு ஆறு வாரம் தந்தார்.

நான் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினேன். படத்தை முன்னால் வைத்து, இது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் ஒன்றும் குறையாது, மண்டபத்துக்கு எப்போதும் போல வரலாம் என்று தமிழில் விளக்கினேன். முதலில் அவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்களே போடுங்க டீச்சர்" என்றார்கள். இல்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டேன். ஒருவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒருவர் தன் படத்தில் ஒரு மூலையைத் திருத்திவிட்டுத் தந்தார். பெயரை மாற்றித்தான் போடுவார்கள் என்று சொன்னதும் இன்னொருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு மாத்தணும்? பெரட்டுல என் பேரத்தான கூப்புடுறாங்க" என்றார். இப்படிப் பத்துப் பேர். பத்துப் பேரும் தாங்களே கையெழுத்து வைத்தார்கள். எழுத்துக் கூட்டி எழுதிய கையெழுத்துகள் அவை, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் பிடித்தது.

பதினோராவது அந்த அக்கா. கட்டுரையின் உயிர் அவர் படம்தான்.

கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். படத்தை வாங்கித் திருப்பி மடியில் வைத்தார்.

"முடியாது தங்கச்சி."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"இது நான் ஆண்டவருக்குக் காட்டுனது. ஒனக்குக்கூட காட்டல. நீ பக்கத்துல இருந்த, பாத்துட்ட."

எழுந்து நடந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம். இவரைப் பேச வைத்ததே நான்தானே என்று மனசு சொன்னது. மாணிக்கம் அண்ணன் விஷயம் தெரிந்து, நான் போய் ஒரு வார்த்தை சொல்கிறேன், எனக்கு மறுக்க மாட்டாள் என்றார். அந்த இடத்தில்தான் எனக்குத் தெளிந்தது. மறுக்க மாட்டார் என்பது உண்மை. தலைவர் சொன்னால் போட்டுத்தான் கொடுப்பார். அவர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் கேட்டிருக்கிறார், அவரும் முதல் தடவையாக முடியாது என்றிருக்கிறார். அதை யாரும் உடைக்க நான் விட மாட்டேன். "அந்தப் பக்கமே போகாதீங்க அண்ணே" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

படத்தை எடுத்துவிட்டேன். படம் இருந்த பக்கத்தில் அதே அளவில் வெறும் கட்டம் ஒன்றைப் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன்: இந்தப் படத்தைக் காட்ட வரைந்தவர் சம்மதிக்கவில்லை. பிறகு முத்திரை குத்திய கதை, நான் செய்த பிழை, இஸ்தோப்பில் கிடைத்த பதில், எல்லாவற்றையும் கட்டுரையில் சேர்த்தேன். படத்தில் என்ன இருந்தது என்ற விவரிப்பை ஒரு சொல் விடாமல் வெட்டினேன். உயிரை எடுத்துவிட்டு உடம்பை அனுப்புகிறேன் என்று ரியாஸ் நானாவிடம் சொன்னேன். "அனுப்புங்க டீச்சர், அல்லாஹ் பாத்துக்குவான்" என்று அவர் பட்டனை அழுத்தினார்.

காத்திருந்தேன். கிறிஸ்மஸ் வந்து போனது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் தொடங்கியது. மூப்பர் என்னிடம் வந்து, கிடைக்கவில்லை என்றால் அது தேவசித்தம் இல்லை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும் மகள் என்றார். தேவசித்தம் என்ன என்பதை ஆண்டவர் சொல்லட்டும் ஐயா, கமிட்டி சொல்ல வேண்டாம் என்றேன். அது மரியாதை இல்லைதான். பிறகு மன்னிப்புக் கேட்டேன், பேசிய தொனிக்காக மட்டும்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வியாழன், லுணுகலை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது போன் அதிர்ந்தது. கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாசித்த இருவரில் ஒருவர் கடைசியாக ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: அச்சுக்குப் போகும்போது இடத்தை மிச்சம் பிடிக்க அந்த வெறும் கட்டத்தைச் சிறிதாக்கக் கூடாது, அதே அளவில் இருக்க வேண்டும், இந்தக் கட்டுரையில் அதுதான் தன்னால் மறக்க முடியாத படம். பஸ்ஸில் அத்தனை பேர் மத்தியில் விம்மி அழுதேன். கண்டக்டர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு ஸீட் பிடித்துக் கொடுத்தார்.

நான் கேட்டது பதினொரு கையெழுத்து. ஆண்டவர் தந்தது பத்து. நான் கேட்டபடியே தந்திருந்தால் என் கட்டுரை அச்சாகியிருக்கும், நான் பழையவளாகவே இருந்திருப்பேன். இப்போது எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. போன மாதம் புது வீட்டுத் திட்டத்துக்குப் படிவம் வந்தபோது, அந்தப் பெண்கள் மாணிக்கம் அண்ணனின் வீட்டு முன்னால் வரிசையில் நின்று, எங்கள் தாளை எங்களிடம் தாருங்கள், வாசித்துவிட்டு நாங்களே கையெழுத்து வைக்கிறோம் என்றார்கள். அவர் என்னைத்தான் முறைத்தார். பிறகு பேனையைக் கொடுத்தார்.

ஆய்விதழை ரியாஸ் நானா வர்ணத்தில் அச்செடுத்துத் தந்தார். சனிக்கிழமை மண்டபத்தில் எல்லாரிடமும் காட்டினேன். அந்த அக்கா பக்கங்களைத் திருப்பி, வெறும் கட்டத்தில் நிறுத்தினார். இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்தார். நீண்ட நேரம் கையை எடுக்கவே இல்லை.

இந்தச் சாட்சியை எழுதும் முன் பதினொரு பேரிடமும் போய்க் கேட்டேன். இந்தத் தடவை பதினோராவது காம்பராவுக்குப் போக எனக்குத் தயக்கமாக இருந்தது. வேண்டாம் என்றால் எழுத மாட்டேன் என்ற முடிவோடுதான் போனேன். அன்றும் காலைக் கழுவிக்கொண்டே கேட்டார், கழுவி முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"மகளப் பத்தி சொல்லு. நான் முடியாதுன்னதையும் சொல்லு. படத்த சொல்லாத. என் பேர போடு, மாத்தாத."

அவர் பெயர் பாக்கியம்.

அன்பானவர்களே, ஜெபித்துக் கிடைக்காதது ஏதாவது இருந்தால் அழகான வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். போய் நின்று கேளுங்கள், சண்டை பிடித்தாவது கேளுங்கள், அவர் கோபிக்க மாட்டார். ஆனால் அவர் முடியாது என்று சொல்லவும் இடம் விட்டுக் கேளுங்கள். நான் அதைப் பாக்கியம் அக்காவிடம் கற்றுக்கொண்டேன். மண்டபம் இன்னும் பூட்டப்படவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், ஆளுக்கு இரண்டு பெஸ்டல் இருக்கிறது.